தக்காளி வாடிய கோடு

பூரணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு அறுபத்து மூன்று வயது ஆக வேண்டியிருந்தது. அதுவரைக்கும் நான் அவளைப் பற்றிச் சொன்னதெல்லாம் வேறு. வாய்த்துடுக்கு, சாமி பயம் கிடையாது, யாரையும் மதிக்க மாட்டாள் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். இப்போது அதையெல்லாம் மாற்றிச் சொன்னால் கேட்கிறவர்களில் பாதிப் பேர் சிரிக்கிறார்கள், மீதிப் பேர் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். இரண்டுமே எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் பேர் கந்தப்பன். மஸ்கெலியாவிலிருந்து பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் எங்கள் தோட்டம். தேயிலை பெக்டரியில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்ந்தவன். எங்கள் முனியாண்டி கல்லுக்கு நான்தான் பூசாரி. எனக்கு முன்னால் என் அப்பா. எங்களுக்கு இரண்டு லயங்கள், நீளமான வரிசை வீடுகள். மேல் லயத்தில் பத்துக் காம்பரா, வீட்டுக்கு ஒன்று; கீழ் லயத்தில், என்னுடையதையும் சேர்த்து, பன்னிரண்டு. நடுவே செங்குத்தான மண் சரிவு. சரிவின் தலைமாட்டில், மேல் லயத்துக்குப் பின்புறம், கொஞ்சம் சமதரை உண்டு. அங்கேதான் முனியாண்டி கல் நின்றது. அதிலிருந்து பதினைந்து எட்டு தள்ளிப் பூரணியின் தக்காளித் தோட்டம்.

அந்தப் பதினைந்து எட்டுதான் எங்களுக்குள் சண்டை. சாமி நிற்கிற இடத்தில் சாணியும் உரமும் கொட்டலாமா என்று நான் கேட்டேன். சாமிக்கு மூக்கு இருந்தால் அவரே வந்து சொல்லட்டும் என்றாள் அவள். முதல் காய்ப்பையாவது கொண்டுவந்து கல்லுக்கு முன்னால் வை என்றேன். பல்லில்லாத கல்லுக்கு எதற்குத் தக்காளி என்றாள். அதோடு ஆறு வருடம் நாங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பூரணி மேல் லயத்து ஆள், ஐம்பது வயதுக்காரி. பதினெட்டு வயதில் கொழுந்துக் கூடையை மாட்டியவள், இன்னும் இறக்கவில்லை. புருசன் மூக்கன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை; தீபாவளிக்கு வருவான், பொங்கலுக்கு வருவதாகச் சொல்வான். ஒரே மகள் சுலக்ஷனாவைக் கீழ் லயத்து ஆறாம் காம்பராவில் கட்டிக் கொடுத்திருந்தாள். மருமகனும் கொழும்புதான். சுலக்ஷனாவுக்கு ஒரு பெண் பிள்ளை, அப்போதுதான் சுவரைப் பிடித்து நடை பழகிக்கொண்டிருந்தது. வேலை விட்டதும் பூரணி நேராகத் தக்காளிக்குப் போவாள், அங்கிருந்து பேத்தியிடம் போவாள். அவளுடைய நாள் அவ்வளவுதான்.

எங்கள் மழைக்குத் தக்காளி வளர்ப்பது லேசான காரியமில்லை. இலை கருகும், காய் அழுகும், வெயில் காணாமல் பூ உதிரும். பூரணி மூங்கில் நட்டு, மேலே பொலித்தீன் கட்டி, நாலு வரிசையாக முப்பத்தாறு செடி வைத்திருந்தாள். மழைத் தண்ணீர் ஒரு சொட்டு வேரில் விழாது. மலை ஊற்றுப் பீலியிலிருந்து அவள் சுமந்து வந்து ஊற்றுவதுதான் தண்ணீர். காய்க்கத் தொடங்கினால் அவள் வீட்டுக்கு எடுத்தது போக மிச்சம் இருபத்தோரு வீட்டுக்கும் போகும். பாத்திரத்தில் கொடுக்க மாட்டாள். பாத்திரத்தில் வாங்கினால் வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, எதையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். இல்லாத வீட்டில் அது ஒரு சங்கடம். அதனால் கொழுந்துப் பையில் கொண்டுவந்து ஒவ்வொரு வாசற்படியிலும் நாலைந்தை வைத்துவிட்டு, கூப்பிடாமல் போய்விடுவாள். என் வாசலிலும் வைப்பாள். நான் அதை வீட்டுக்காரிக்குத் தெரியாத மாதிரி பார்த்துக்கொண்டிருப்பேன், அவள் எடுத்துச் சம்பல் அரைப்பாள், நானும் வாயைத் திறக்காமல் தின்பேன்.

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை, இரண்டாம் வரிசையில் இரண்டு செடி தலை தொங்கி நின்றன. இலை மஞ்சளாகவில்லை, கருகவில்லை. பச்சையாகவே, வெந்நீர் ஊற்றினது போலத் துவண்டு நின்றன. பூரணி தண்ணீர் ஊற்றினாள். பொழுது சாயும்போது இரண்டும் மெல்ல எழுந்து நின்றன. மறுநாள் காலை மறுபடி விழுந்தன, இந்த முறை எழவில்லை. அவற்றோடு இன்னும் இரண்டு சேர்ந்துகொண்டன.

அவள் சும்மா இருக்கிற ஆளில்லை. முதலில் பூச்சி பார்த்தாள். இலைக்கு அடியில், தண்டில், மண்ணைக் கிளறி, எங்கும் பார்த்தாள். ஒரு புழு இல்லை. களை மருந்து அடித்த காற்று பட்டிருக்குமோ என்று நினைத்தாள். அந்தப் பக்க மலையில் மருந்து அடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, மருந்து பட்டால் இலை சுருண்டு முறுக்கிக்கொள்ளும், இது அப்படியில்லை. மஸ்கெலியாவில் விதை விற்கிற கடைக்காரருக்குக் போனில் கோல் எடுத்துக் கேட்டாள். வாடல் நோவாக இருக்கும், தண்டை அறுத்துக் கண்ணாடிக் கிளாஸ் தண்ணீரில் தொங்கவிட்டுப் பார், நோவு இருந்தால் அறுத்த வாயிலிருந்து பால் நூல்நூலாக இறங்கும் என்றார் அவர். பூரணி அப்படியே செய்தாள். கிளாஸை வாசல் ஸ்தோப்பில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே குந்தியிருந்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

நான் அந்த வழியாகக் கல்லுக்கு விளக்கு வைக்கப் போனபோதுதான் அந்தச் செடிகளைப் பார்த்தேன். வாடின செடிகள் ஒரே வரிசையில் இல்லை. இரண்டாம் வரிசையில் இரண்டு, மூன்றாம் வரிசையில் இரண்டு. ஆனால் நான்கையும் சேர்த்துப் பார்த்தால் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு, தோட்டத்துக்குக் குறுக்காகக் கல்லை நோக்கிப் போனது. அடுத்த நாள் ஆறு ஆயிற்று, அதற்கடுத்த நாள் ஒன்பது. எல்லாம் அந்தக் கோட்டிலேதான். கோட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒரு இலை வாடவில்லை. காய் சிவந்து தொங்கியது. கோட்டின் மேல் நின்ற மூங்கில்கள் மட்டும் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன, கீழ் லயத்தின் பக்கமாக. அந்த இடத்தில் நிற்கும்போது காலுக்கடியில் எங்கோ துணி கிழிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்டது. ஒரே ஒரு தடவை. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை.

இங்கே என் முட்டாள்தனத்தைச் சொல்லியாக வேண்டும். முனி நடக்கிற பாதை என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. முனி ஒரு கோட்டில்தான் நடப்பார், அந்தக் கோட்டில் வீடு கட்டக் கூடாது, செடி வைக்கக் கூடாது, வைத்தால் தங்காது. என் அப்பா சொல்லி நான் கேட்டது. ஆறு வருடமாக நான் கத்தினது சரிதான் என்று எனக்குள்ளே ஒரு சந்தோசம்கூட வந்தது, அந்தக் கேவலத்தையும் மறைக்க மாட்டேன். இரண்டு லயத்து ஆட்களையும் கூப்பிட்டுக் கோட்டைக் காட்டினேன். பெண்கள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பார்த்தார்கள். முனிக்குச் சூடு ஏறியிருக்கிறது, பாதையைக் குளிர்விக்க வேண்டும், வீட்டுக்கு ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் மூன்று நாளைக்கு ஊற்றுங்கள் என்று சொன்னேன்.

பூரணி முடியாது என்றாள். செடிக்கு என்னவென்று தெரியாமல் எதையும் ஊற்றக் கூடாது என்பது அவள் கட்சி. அப்போது சுலக்ஷனாதான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதாள். கோடு போகிற போக்கில் இறங்கினால் நேராகத் தன் காம்பராவுக்குத்தான் வரும் என்று அவளுக்குப் பயம். மகள் அழுததும் பூரணி தானும் குடத்தை எடுத்தாள்.

இருபத்திரண்டு வீட்டுப் பெண்கள், மூன்று நாள், அறுபத்தாறு குடம். மஞ்சளைக் கரைகரையென்று கரைத்து, வாடின கோட்டின் மேலேயே ஊற்றினார்கள். நான் உடுக்கை அடித்துக்கொண்டு நின்றேன். ஒரு குடம் தண்ணீர் மண்ணில் விழுந்தால் கொஞ்சமாவது தேங்கும், ஓடும், நுரைக்கும். அங்கே ஒன்றும் இல்லை. விழுந்த தண்ணீர் விழுந்த இடத்திலேயே காணாமல் போனது. கடகடவென்று யாரோ குடிக்கிற சத்தம்தான் கேட்டது. பாருங்கள், முனிக்கு எவ்வளவு தாகம் என்று நான் பெருமையாகச் சொன்னேன். பூரணி மட்டும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அந்த இடத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாலாம் நாள் காலை எங்கள் லயத்தின் நடுவில் கூச்சல். ஓடிப் போனேன். சுலக்ஷனாவின் ஆறாம் காம்பராவில், சீமெந்துத் தரையில், சின்னச் சின்ன மஞ்சள் பாதங்கள். அடுப்படியிலிருந்து வாசல் வரை. ஒரு குழந்தை தத்தித் தத்தி நடந்த மாதிரி. பிள்ளை வாசலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. அதன் உள்ளங்கால் இரண்டும் மஞ்சள்.

குடத்து மஞ்சளைக் கரைத்ததெல்லாம் பீலியில்தான், வீட்டுக்குள் மஞ்சளைத் தொட்டே மூன்று நாளாகிறது என்று சுலக்ஷனா சத்தியம் செய்தாள். அடுப்படிச் சுவரும் தரையும் சேருகிற மூலையில் ஈரம் கசிந்து, உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாகத் தேங்கியிருந்தது. பிள்ளை அதை மிதித்துவிட்டு நடந்திருக்கிறது, அவ்வளவுதான் விசயம். ஆனால் அந்த நேரத்தில் யாருக்கும் அது அவ்வளவுதானாகத் தெரியவில்லை. முனி பிள்ளையின் காலில் இறங்கி வீட்டுக்குள் நடந்திருக்கிறார் என்றார்கள். ஏழாம் காம்பரா நாகலெட்சுமி அந்த மூலையில் சூடம் கொளுத்தினாள். நானே விழுந்து கும்பிட்டேன்.

பூரணி வேலைக்குப் போகாமல் வந்து நின்றாள். பேத்தியின் காலைத் தூக்கி மோந்து பார்த்தாள். மூலைத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். பிறகு சரிவில் ஏறிப் போனாள். எனக்குக் கோபம்; சாமி வந்த இடத்தில் நாக்கை நீட்டுகிறாளே என்று பின்னாலேயே போனேன், நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்று.

நான் மேலே போய்ச் சேர்ந்தபோது அவள் வாடின செடிகளில் ஒன்றைச் சுற்றி மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தாள். பிடுங்கவில்லை. கையால், விரல் விரலாக மண்ணை எடுத்தாள். செடியின் வேரில் பாதி மேட்டுப் பக்கத்து மண்ணில் இருந்தது, பாதி பள்ளத்துப் பக்கத்து மண்ணில் இருந்தது. நடுவில் எல்லா வேரும் அறுந்திருந்தது. அழுகவில்லை, புழு கடிக்கவில்லை. இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து இழுத்தால் நூல் எப்படி அறுமோ அப்படி அறுந்திருந்தது.

"அண்ணே, இது நோவு இல்ல. நெலம் ரெண்டா போகுது. நாம ஊத்துன தண்ணி மலைக்கு உள்ளால போயி எம் மக அடுப்படில வந்து நிக்குது" என்றாள். ஆறு வருடத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து அவள் பேசின முதல் பேச்சு அது.

பக்கத்தில் கிடந்த அலவாங்கை, அதுதான் கடப்பாரையை, எடுத்து அந்தக் கோட்டில் குத்தினாள். கடப்பாரை நீளம் முழுக்கக் கை அழுத்தாமலே இறங்கியது. துணி காயப்போடும் கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி இறக்கினாள். கயிறு போய்க்கொண்டே இருந்தது, கல் எதிலும் முட்டவில்லை. கையை உள்ளே விட்டுப் பாருங்கள் என்றாள். விட்டேன். உள்ளேயிருந்து காற்று வந்தது. குளிர்ந்த காற்று, மெதுவாக, நின்று நின்று, தூங்குகிறவன் மூச்சு மாதிரி என் விரலில் பட்டது. கையை இழுத்துக்கொண்டேன். அன்று முழுவதும் அந்த விரல் சூடாகவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது சாதாரண அலைச்சல். பூரணி அறுந்த வேரையும் மஞ்சள் மூலையையும் போனில் படம் எடுத்துக்கொண்டு தோட்ட ஆபீசுக்குப் போனாள், நானும் கூடப் போனேன். அவர்கள் எங்களை மட்டமாகப் பேசவில்லை, படத்தைப் பார்த்தார்கள், யாருக்கோ கோல் எடுத்தார்கள். மண்சரிவு பார்க்கிற ஆட்கள் வேறு பக்கமெல்லாம் போயிருக்கிறார்கள், எப்படியும் ஒரு கிழமை, ஏழு நாள், ஆகும், அதுவரைக்கும் கவனமாக இருங்கள் என்றார்கள். வெளியில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. கவனமாக எப்படி இருப்பது என்று பூரணி கேட்டாள், அதற்குள் அவர்கள் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

கீழ் லயத்துக்குப் போய்ப் பன்னிரண்டு வீட்டிலும் சொன்னாள். எல்லாரும் எழும்பிப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்றாள். ஒருவரும் அசையவில்லை. அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. போன வருடம் இப்படித்தான் மழைக்கு எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு நாள் வைத்திருந்தார்கள். ஒரு கல் உருளவில்லை. திரும்பி வந்து பார்த்தால் கோழி இல்லை, மூன்று வீட்டில் கேஸ் சிலிண்டர் இல்லை, நாகலெட்சுமியின் பசு கன்று போட்டு, பார்க்க ஆளில்லாமல் கன்று செத்துக் கிடந்தது. தக்காளிச் செடி வாடினதுக்கு வீட்டை விட்டுப் போகச் சொல்கிறாளே என்று சிரித்தார்கள். அவள் சொந்த மகளே போகவில்லை. முனி தன் வீட்டுக்குள் நடந்துவிட்டார், இனி தனக்கு ஒன்றும் வராது என்று சுலக்ஷனா நம்பினாள். அந்த நம்பிக்கையைக் கொடுத்தவன் நான்.

மத்தியானம் பூரணி என் ஸ்தோப்பில் வந்து நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நான் சொன்னா தக்காளிக்காரி சொல்றான்னு சிரிக்கிறாங்க. முனி சொன்னா போவாங்க. நீங்க ஆடுங்கண்ணே."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் தலைக்கு ரத்தம் ஏறியது. சாமி வராமல் சாமி வந்த மாதிரி ஆடச் சொல்கிறாள். நாற்பது வருடத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் அப்படிச் செய்ததில்லை. வராத அன்றைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அவர் பேரில் பொய் சொன்னவன் ரத்தம் கக்கிச் சாவான் என்று என் அப்பா சொல்லியிருக்கிறார். சொன்னபடி ஒருவன் செத்ததையும் நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். போ வெளியே என்று கத்தினேன். கும்பிடாதவளுக்கு இப்போது மட்டும் சாமி வேண்டியிருக்கிறதா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், வீட்டுக்காரி வந்து என் கையைப் பிடித்தாள்.

பூரணி திட்டு முழுவதையும் நின்று கேட்டாள்.

"செத்தா நீங்க ஒருத்தரு சாவீங்க. ஆடலன்னா இந்த லயத்துல எத்தன பேரு, எண்ணிப் பாருங்க" என்றாள். சொல்லிவிட்டு, என் காலில் விழுந்தாள். யார் காலிலும் விழாதவள். எனக்குப் பயமாகிவிட்டது.

எண்ணினேன். பன்னிரண்டு காம்பராவில் நாற்பத்தேழு பேர், என்னையும் என் வீட்டுக்காரியையும் சேர்த்து. கடைசியாகச் சுலக்ஷனாவின் பிள்ளையை எண்ணினேன். எழுந்து குளித்துவிட்டு உடுக்கையை எடுத்தேன்.

மூன்று மணி இருக்கும். தூறலில் எல்லாரும் கல்லுக்கு முன்னால் கூடினார்கள். நான் உடுக்கையை அடித்து, மூச்சை இழுத்து, தெரிந்த மாதிரி தலையை ஆட்டினேன். உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் பயம். சாமி வருகிறபோது காது அடைக்கும், நெஞ்சுக்குழியில் சூடு ஏறும். எதுவும் நடக்கவில்லை. தூறல் கழுத்தில் இறங்குவதும், நாகலெட்சுமி இருமுவதும், எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. நான் கந்தப்பனாகவே நின்று முனியின் குரலில் கத்தினேன்.

"நான் எறங்கி வரப்போறேன். வழிய விடுங்க. என் வழியில ஒரு உசுரு படுக்கக் கூடாது."

பெண்கள் அலறிவிட்டார்கள். சிரித்தவர்கள் ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னால் கீழ் லயத்தில் ஆள் இல்லை. பசுவை ஓட்டிக்கொண்டு, கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு, பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். அவர்கள் போவதைப் பார்த்து மேல் லயத்து ஆட்களும் போனார்கள். பூரணி கடைசியாகக் கிளம்பினாள். போவதற்கு முன்னால் முப்பத்தாறு செடியிலும் செங்காய், பச்சைக்காய் என்று பார்க்காமல் பறித்து இரண்டு உரப்பை நிறையச் சுமந்து வந்தாள்.

ஒரு நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாளும் நடக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பலாமா என்று இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். நான் பேசவில்லை, பேசினால் ரத்தம் வருமோ என்று வாயைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பின்னேரம் பள்ளிக்கூட மைதானத்தில் நின்று எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பனிமூட்டம் கொஞ்சம் விலகியிருந்தது. அப்போது பூரணியின் பொலித்தீன் கூரைகள் நடக்க ஆரம்பித்தன.

சத்தமே இல்லை. மூங்கில் விழவில்லை, பொலித்தீன் கிழியவில்லை. நாலு வரிசையும் நின்றபடியே, மெதுவாக, ஊர்வலம் போகிற மாதிரி இறங்கி வந்தன. பக்கத்தில் முனியாண்டி கல்லும் நின்றபடியே வந்தது. சரிவின் விளிம்பு வரைக்கும் அப்படி வந்தன. அதற்குப் பிறகுதான் சத்தம் எங்களை எட்டியது. சத்தம் ஓய்ந்தபோது கீழ் லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண்தான் இருந்தது. ஆறாம் காம்பரா எது என்று யாராலும் கைகாட்ட முடியவில்லை. சுலக்ஷனா பிள்ளையை இறுக்கிப் பிடித்ததில் அது வீரிட்டு அழுதது, அதுதான் அங்கே கேட்ட ஒரே குரல்.

லயத்து ஆட்கள் அத்தனை பேரும் என் காலில் விழுந்தார்கள். முனி சொன்னபடி இறங்கி வந்தார் என்றார்கள். வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பூரணியை யாரும் பார்க்கவில்லை. இல்லை, பார்த்தார்கள், வேறு மாதிரி பார்த்தார்கள். முனியின் பாதையை மறித்துச் செடி வைத்தவள் இவள், இவளால்தான் வீடு போயிற்று என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. ஆறு வருடமாக நான் பேசித் திரிந்த பேச்சுத்தான் அது, வேறு யாரைத் தேடுவது.

ஒரு கிழமை கழித்து அவள் பறித்து வந்த காய்கள் பழுத்தன. வகுப்பறை ஜன்னலில் வரிசையாக வைத்திருந்தாள், நல்ல சிவப்பு. ஒரு நாள் காலை, எல்லாரும் ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கும் நேரம், கொழுந்துப் பையில் அள்ளிக்கொண்டு பாய் பாயாகப் போனாள். வழக்கம்போல யாரையும் கூப்பிடாமல் ஒவ்வொரு பாயின் தலைமாட்டிலும் நாலைந்து வைத்தாள். யாரும் தொடவில்லை. பிள்ளைகள் கை நீட்டியபோது தாய்மார் இழுத்துக்கொண்டார்கள். நாகலெட்சுமி ஒரு விறகுக் குச்சியை எடுத்து, தன் பாய்க்குப் பக்கத்தில் இருந்ததை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டாள்.

"கோவிச்சுக்காத பூரணி. அவரு பாதையில காச்சது. எங்களுக்கு வேணாம்."

பூரணி குனிந்து உருண்ட பழங்களைப் பொறுக்கினாள். ஒவ்வொன்றையும் சேலைத் தலைப்பில் துடைத்துப் பைக்குள் வைத்தாள். முப்பத்திரண்டு வருடம் கொழுந்து பறித்த கை அது. என்னால் அதற்கு மேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு எனக்குச் சாமி வரவில்லை, நான் நடித்தேன், நிலம் பிளந்ததைக் கண்டுபிடித்தது பூரணி, என்னை ஆடச் சொன்னது பூரணி, உங்கள் உயிர் முனி கொடுத்ததில்லை, வாடின தக்காளியைப் பிடுங்கி எறியாமல் ஏன் வாடியது என்று பார்த்தாளே, அவள் கொடுத்தது என்று சொன்னேன். நாற்பது வருடத்து மானத்தை அந்த வகுப்பறையில் அவிழ்த்துப் போட்டேன்.

யாருக்கும் கோபம் வரவில்லை. அதுதான் எனக்குத் திகிலாக இருந்தது. எல்லாரும் அன்பாக, இரக்கமாக, என்னைப் பார்த்தார்கள்.

"சாமி வந்தவங்களுக்கு என்ன பேசுனோம்னு தெரியாதுங்கண்ணே" என்றாள் நாகலெட்சுமி. "அது ஒங்களுக்கு நெனப்பு இருக்காது."

எனக்கு நினைப்பு இருக்கிறது, நீ இருமினதுகூட நினைப்பு இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது. பூரணியைப் பார்த்தேன். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். விட்டுவிடுங்கள் என்கிற மாதிரி தலையை ஆட்டினாள். அவள் மகளுடைய பாயின் தலைமாட்டிலும் பழம் தொடாமலே கிடந்தது.

போய் அவள் பையிலிருந்து ஒன்றை எடுத்தேன். நடுவில் வந்து நின்று கடித்தேன். சாறு தாடையில் வழிந்தது. புளிப்பும் இனிப்புமாக நல்ல பழம். மென்று விழுங்கிவிட்டு இன்னொரு கடி கடித்தேன். அடுப்பில் ரொட்டி தீய்ந்த வாடை வந்தது, யாரும் திருப்பிப் போடவில்லை. எனக்கு ஏதாவது ஆகிறதா என்று அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.